ஒடுக்கு எடுத்த கெண்டி

என்னிடம் இருக்கும் வெள்ளிச் சாமான்களில் ஒன்றுகூட வெள்ளி இல்லை. எல்லாம் ஜெர்மன் சில்வர் என்கிற கலப்பு உலோகம், மேலே வெள்ளி முலாம். வீட்டுக்கு வரும் உறவினர்கள் அலமாரியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் வெள்ளியா?" என்று கேட்பார்கள். முலாம்தான் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஓர் ஆறுதல் தெரியும். நான் மேற்கொண்டு விளக்குவதற்குள் காபியைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் என்னை முழுதாகப் பேசவிட்டவர் ஒருவரும் இல்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். லேத்தில் கடைசல் முடிந்து வரும் துண்டுகளை அளந்து, சரி, சரியில்லை என்று பிரித்து வைப்பது வேலை. மனைவிக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம். அவளுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில்தான் குடியிருக்கிறோம். இரண்டு அறை, ஒரு அலமாரி. அந்த அலமாரியில் பாதிதான் என்னுடையது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நான் அதை மீறி வெகுநாளாகிறது.

இதெல்லாம் பூந்தமல்லியில் ஒரு பழைய பாத்திரக் கடையில் தொடங்கியது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். ஒரு பித்தளைக் குழாய் தேடிப் போனவன் தட்டில் கிடந்த ஸ்பூன் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதன் காம்பு நேராக இல்லை. கொடி மாதிரி வளைந்து போய், முனையில் ஒரு மொட்டாக முடிந்திருந்தது. யாரோ ஒட்ட வைத்த பூ இல்லை அது, காம்பே பூவாக மாறியிருந்தது. நாள் முழுவதும் நேர்கோட்டையும் வட்டத்தையும் அளக்கிற எனக்கு அதை எப்படி அளப்பது என்று தெரியவில்லை. வாங்கி வந்துவிட்டேன். குழாயை மறந்துவிட்டேன்.

அதன் பெயர் ஆர்ட் நூவோ என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நூறு வருடத்துக்கு மேலாகிறது, ஐரோப்பாவில் கொஞ்ச காலம் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் கொடியும் அல்லியும் தும்பியும் படர்ந்திருந்தன. அப்புறம் அதற்கு நேர் எதிராக ஆர்ட் டெகோ வந்தது. கொடியையெல்லாம் வெட்டிவிட்டு, படிக்கட்டு போல அடுக்கு, எட்டுப் பட்டை, சூரியக் கதிர் போல விரியும் கோடு, பேக்லைட் என்கிற அந்தக் காலத்துக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கைப்பிடி. இரண்டும் வெள்ளைக்காரர்களோடும் அவர்களை ஒட்டி வாழ்ந்தவர்களோடும் மதராஸுக்கு வந்து, அவர்கள் போனதும் தங்கிவிட்டன. தங்கியவை காயலான் கடைக்கு வந்தன. அங்கிருந்து சில பாயிடம் வந்தன.

சேகரிப்பது என்றால் ஏதோ சந்தோஷமான காரியம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது குறைகளோடு குடித்தனம் நடத்துவது. ஆறு கேக் முள்கரண்டி இருக்கவேண்டிய பெட்டியில் எப்போதும் ஐந்துதான் இருக்கும். உப்பு டப்பா கிடைத்தால் மிளகு டப்பா கிடைக்காது. ரொட்டித் துண்டுகளை நிறுத்தி வைக்கும் தாங்கி ஒன்று, விசிறி போல விரிந்து அவ்வளவு அழகாக இருக்கும், அதில் என் மனைவி கரண்ட் பில்லையும் கேஸ் ரசீதையும் செருகி வைத்திருக்கிறாள். கேட்டால், "அது இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே" என்பாள். போதாததற்கு இந்தப் பக்கத்துக் காற்று. தேய்த்து வைத்தால் பத்தே நாளில் மஞ்சளடிக்கும், மாதம் திரும்பினால் கறுத்துவிடும். நான் ஊரில் இல்லாத ஒரு நாள் மனைவி நல்லெண்ணத்தோடு புளி போட்டுத் தேய்த்ததில் இரண்டு ஸ்பூன்களின் முலாம் போய் உள்ளே இருந்த உலோகம் வெளிறிய மஞ்சளாகப் பல்லிளித்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் போன் செய்து, "சார், உங்க ஐட்டம் ஒண்ணு வந்துகீது" என்றார். போய்ப் பார்த்தால் டீ கெண்டியும் பால் ஜக்கும். சுத்தமான ஆர்ட் டெகோ. எட்டுப் பட்டை, தோளில் மூன்று படி, மூடியின் குமிழ்கூட எட்டுப் பட்டை பேக்லைட். அடியைத் திருப்பினால் இரண்டிலும் ஒரே மாடல் நம்பர். கறுத்துப்போய், கெண்டியின் மூக்குக்குக் கீழே கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு ஒடுக்கு.

"சர்க்கரைக் கிண்ணம் எங்க பாய்?"

"அது இல்ல சார். காயலான் கடைக்காரர் கொண்டாந்தாரு. இது ரெண்டுதான்."

"கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டேன் சார். உங்களுக்கு முன்னாடியே கேட்டேன். நீங்க இதத்தான் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா."

வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த ஒடுக்கு என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. தொழில் புத்தி. இருபத்தைந்து வருடமாக ஒடுக்கு உள்ளதைத் தள்ளுபடிப் பெட்டியில் போட்டவன், ஒன்றை மட்டும் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எஸ்டேட்டில் தெரிந்த ஒரு பாத்திர ஆசாரியிடம் கொடுத்தேன். வளைந்த கம்பியை உள்ளே விட்டு அரை நாள் தட்டி ஒடுக்கை எடுத்துத் தந்தார். பிறகு மின் இணைப்புத் துண்டுகளுக்கு வெள்ளி முலாம் போடும் ஒரு சின்னப் பட்டறையில் கெண்டிக்கும் ஜக்குக்கும் புது முலாம் போட்டு வாங்கினேன். கண்ணாடி மாதிரி வந்தது. பெருமை தாங்காமல் படம் எடுத்து, சேகரிப்பவர்கள் குழு ஒன்றில் போட்டேன். அங்கே ஒருவர் எழுதினார்: "பழைய பொருளை எடுத்துப் புதுப் பொருள் ஆக்கிவிட்டீர்கள். வயதைச் சுரண்டி எறிந்துவிட்டீர்கள்." இன்னும் நாலு பேர் அதை ஆமோதித்தார்கள். நான் அந்தக் குழுவிலிருந்து விலகினேன். ஆனால் அவர்கள் சொன்னது சரி என்று விலகும்போதே தெரிந்தது.

கிண்ணம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. இரண்டு வருடம் தேடினேன். விடுமுறைகள் அதில் போயின. ஒரு கிண்ணம் கிடைத்தது, வேறு நம்பர். இன்னொன்று கிடைத்தது, ஆறு பட்டை. ஒருமுறை படத்தை நம்பி வரவழைத்த கிண்ணம் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. பொம்மை செட்டின் கிண்ணம்.

அது கடைசியில் கிடைத்த இடம் கொரட்டூர். குவார்ட்டர்ஸுக்கு வருவதற்கு முன் நாங்கள் அங்கேதான் வாடகைக்கு இருந்தோம். வீட்டை மாற்றினாலும் மனைவி தையல்காரரை மாற்றவில்லை. ஏரிக்குப் போகும் வழியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அந்த அம்மாவின் கடை. எனக்கு ஏழெட்டு வயது இளையவராக இருப்பார். மனைவியின் பிளவுஸை வாங்கி வர ஒரு நாள் நான் போகவேண்டி வந்தது. வேலை முடிந்து பட்டரவாக்கத்தில் வழக்கமாக ஏறும் ஆவடி வண்டியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டேஷன் போய் இறங்கினேன். அவர் பிளவுஸுக்குக் கடைசிக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். கொக்கியை எடுத்தது ஒரு கறுத்த கிண்ணத்திலிருந்து. எட்டுப் பட்டை.

நான் செய்தது மரியாதையான காரியம் இல்லை. கேட்காமல் எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். கொக்கியெல்லாம் தரையில் சிதறியது. அதே நம்பர்.

"இன்னா சார் இது" என்றார் அவர். கோபம் இல்லை, புரியாமல்தான் கேட்டார்.

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "இதை எனக்குக் குடுப்பீங்களாம்மா? என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றேன்.

"அது எங்க அம்மாவுது சார். குடுக்கறதுக்கு இல்ல."

பிளவுஸை வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் மனைவியிடம் தைக்க ஏதாவது இருக்கிறதா என்று நானாகக் கேட்டேன். கல்யாணமாகி அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் சந்தேகமாகப் பார்த்தாலும் ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். அந்த முறையும் தையல்காரர் மாட்டேன் என்றார். மூன்றாம் முறை என் பேன்ட்டின் அடியை மடித்துத் தைக்கவேண்டும் என்று போனேன். "லேடீஸ் மட்டும்தான் சார்" என்று போர்டைக் காட்டினார். எனக்கு அழுகை வராத குறை. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அது மேல உங்களுக்கு இன்னா சார் அவ்ளோ?"

சொன்னேன். முதல்முறையாக ஒருவர் நடுவில் பேச்சை மாற்றாமல் கேட்டார். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு அவர் சொன்னார்.

அவருடைய அம்மா பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பத்தில் வேலை பார்த்தவர். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரையும் தூக்கி வளர்த்தவர். குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது அந்த வீட்டம்மா இந்த டீ செட்டைத் துணியில் சுற்றி இவர் அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறார்.

"கெண்டி, பால் ஊத்தறது, இது. மூணு. ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கம்மா அதுல டீ போட்டு ஊத்தும். ரெண்டு ரூம் ஊட்ல நாங்க தொர மாதிரி உக்காந்துகினு குடிப்போம்."

"மத்த ரெண்டும் எங்க?"

"அம்மா செத்தப்புறம் எங்கண்ணன் பாலிஷ் போட்டுக் கொண்டாரேன்னு எடுத்துகினு போச்சு. அவ்ளோதான். வெள்ளானூர்ல ஊடு கட்டிகினு கீது, பேச்சு வார்த்த இல்ல. எடைக்குப் போட்டுட்டான்னு அப்பறம் தெரிஞ்சது. இது கடையில இருந்ததால தப்பிச்சுது."

பாயிடம் நான் வாங்கிய இரண்டும் நினைவுக்கு வந்தன. "எப்பம்மா இது?" என்று கேட்டேன். இரண்டரை வருடம் இருக்கும் என்றார்.  மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வானம் சுத்தமாக இருந்தது.

அந்த ஞாயிறு பூந்தமல்லி போய்ப் பாயிடம் கேட்டேன். "அந்தக் கெண்டி கொண்டுவந்தாரே, அந்தக் காயலான் கடை எங்க பாய்?"

"வெள்ளானூர் பக்கம் சார். ஏன், எதுனா பிரச்சனையா?"

பிரச்சினைதான். நான் ஒரு பொருளைக் கடையில் வாங்கினேன், திருடவில்லை. ஒரே நம்பரில் ஆயிரம் செட் செய்திருப்பார்கள், இது அவருடையதாகவே இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? இப்படி எனக்கு நானே ஒரு வாரம் வாதாடினேன். ரயிலில் வாதாடினேன், மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொண்டு வாதாடினேன். சரியில்லாத இரண்டு துண்டைச் சரி என்று போட்டுவிட்டேன், மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். இவ்வளவு தேடி, கடைசியில் கிண்ணம் கிடைத்த இடத்தில் என் கெண்டியையும் இழக்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல். யார் மேல் என்று தெரியாத எரிச்சல். மனைவியிடம் சொன்னேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவங்க பொருள்னு தெரிஞ்சும் இங்க வச்சிக்கிட்டு, நான் எப்படி அவங்ககிட்ட அளவு குடுத்துட்டு நிப்பேன்?" என்றாள். "கொண்டுபோய் காட்டுங்க. அவங்களதா இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க."

சனிக்கிழமை காலை கெண்டியையும் ஜக்கையும் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக் கொண்டுபோனேன். கட்டிங் மேசையில் வைத்துத் துண்டை விலக்கினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். மூடியைத் திறந்தார், மூடினார். கெண்டியைச் சுற்றித் திருப்பினார். மூக்குக்குக் கீழே வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்களுது இல்ல சார்."

அந்த நொடியில் என் மனம் துள்ளியதை மறைக்கப்போவதில்லை.

"எங்களுதுல இங்க ஒடுக்கு இருக்கும்" என்றார். "நான் போட்டது. ஏழு வயசு இருக்கும். கழுவ எடுத்துகினு போய் அடிபம்பு மேல போட்டுட்டேன். அம்மா ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அப்புறம் ஞாயித்துக்கிழமை டீ ஊத்தும்போதெல்லாம் அந்த ஒடுக்குல கட்டவெரல வச்சுத்தான் புடிக்கும். கரெக்டா பொருந்தும்."

பையை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவரே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ரயிலேறினால் இருபது நிமிடத்தில் அலமாரி. நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு என் வாய் சொல்லிவிட்டது.

"ஒடுக்கு இருந்ததும்மா. நான்தான் எடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "கிண்ணத்துக்காக இன்னான்னாவோ சொல்றீங்களே சார்" என்றார். இப்போதுதான் அவர் குரலில் முதன்முதலாகக் கோபம் இருந்தது. "நான் இன்னா சொல்றனோ அதையே திருப்பிச் சொல்றீங்க."

எடுத்துக் காட்டப் பழைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பளபளப்பான பிறகு எடுத்தவைதான் இருந்தன. கம்பெனியில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று பதிவு வைக்கிறவன், இதற்கு வைக்கவில்லை. உண்மையைச் சொல்லியும் பொய்க்காரனாக நிற்கிற நிலைமை எனக்கு அதுவரை வந்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கெண்டியைக் கையிலெடுத்து மூடியைக் கழற்றினேன். வெளிப்பக்கத்தைத்தான் அரத்தால் ராவிப் பாலிஷ் போட்டிருந்தார்கள். உள்பக்கம் தட்டியது தட்டியபடி இருக்கவேண்டும்.

"கையை உள்ள விட்டுப் பாருங்க. மூக்குக்குக் கீழ."

என் விரல்கள் அந்த வாயில் நுழையாது. அவருடையவை நுழைந்தன. துணியின் நெசவைத் தடவியே சொல்லிவிடுகிற விரல்கள். மேலே ஃபேனைப் பார்த்தபடி மெல்லத் தடவினார். ஓரிடத்தில் நின்றார். அங்கேயே திரும்பத் திரும்பத் தடவினார்.

"சொரசொரன்னு கீது" என்றார். "வட்டமா."

"ஆமாம்மா. கம்பியால தட்டின தடம்."

கையை வெளியே எடுக்காமலே கேட்டார். "இத எதுக்கு சார் எடுத்தீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. இருபத்தைந்து வருட அனுபவத்தோடு பதில் இருந்தது. ஆனால், "தெரியாம செஞ்சிட்டேன்" என்றேன்.

கெண்டியையும் ஜக்கையும் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் எழுந்து, "சும்மா வேணாம் சார், எதுனா வாங்கிக்கங்க" என்றார். பேசி முடிக்க எனக்குத் தெம்பு இல்லை. கடைசியில் என் மனைவிக்கு இரண்டு பிளவுஸ் தைத்துத் தருவதாக அவரே முடிவு செய்தார். துண்டைக்கூட அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

நல்ல காரியம் செய்தால் மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்த இரண்டாம் நாளே மனைவி அங்கே ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டாள்.  பாயிடம் நடந்ததைச் சொன்னேன். "வேற வரும் சார்" என்றார். வராது என்று அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறையாவது கொரட்டூருக்குப் போகவேண்டியிருக்கிறது. பிளவுஸ்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில், மேசையின் ஓரத்தில் இருக்கின்றன. நான் இரண்டு வருடம் கனவு கண்ட முழு செட். கிண்ணத்தில் கொக்கி, கெண்டிக்குள் எலாஸ்டிக் சுருள், அதன் நுனி மூக்கு வழியாக வெளியே வருகிறது, இழுத்து இழுத்து வெட்டிக்கொள்கிறார். பால் ஜக்கில் மூன்று கத்தரிக்கோல். அவை போகவும் வரவும் உள்ளே உரசும் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். புது முலாம் விளிம்பில் கோடு கோடாகப் போய்விட்டது.

போன மாதம் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "கத்தரிக்கோலை மட்டும் வேற எதிலயாவது வைக்கலாமேம்மா. கீறல் விழுது."

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"விழட்டும் சார்" என்றார். "ரொம்பப் புதுசா கீது. பாத்தா யார் ஊட்டுதோ மாதிரி தெரியுது."

பிளவுஸை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஆவடி வண்டி அன்றைக்கு வெகுநேரம் வரவில்லை.